புள்ளி இல்லாத பன்னிரண்டு

பதினாறு வருஷமாக அவள் பிழைப்பு ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில். அந்த இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில், அவளுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முன்னால் நிற்கும் பேருந்தை நோக்கி ஆசை ஆசையாகப் போகும்போது, அவள் வலது காலால் அதை ஓங்கி மிதிப்பாள். ஒரு நாளைக்கு நாற்பது மிதி, மழை நாளில் ஐம்பது. நாற்பத்து நான்காவது வயதில் வலது முழங்கால் போதுமடா சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். "தண்ணியில நடங்க" என்றார்.

"தண்ணி மேலயா டாக்டர்?" என்று கேட்டாள் அவள். டாக்டர் சிரிக்கவில்லை.

அப்படித்தான் அவள் நகரசபை நீச்சல் குளத்துக்கு வந்து சேர்ந்தாள். இருபத்தைந்து மீட்டர் நீளம், ஆறு தடங்கள், அடியில் தடத்துக்கு ஒன்றாகக் கறுப்புக் கோடு. முதல் மாதம் நடந்தாள். நடந்து நடந்து அலுத்துப்போய் இரண்டாம் மாதம் மிதந்தாள். ஆறாம் மாதம் நீந்தினாள். ஐந்து வருஷம் கழித்து, தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் நாற்பத்தெட்டு நீளம் நீந்தாவிட்டால் அவளுக்கு அன்றைய பொழுதே விடியாது என்ற நிலைமை வந்துவிட்டது. நாற்பத்தெட்டு நீளம் என்றால் ஒன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர். இந்தக் கணக்கைத்தான் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் வினை அந்தப் புள்ளியில்தான் வந்தது.

குளத்து அலுவலக ஜன்னலில் ஒரு நாள் விண்ணப்பப் படிவங்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். கரையிலிருந்து எதிரே உள்ள தீவு வரைக்கும் கடல் நீச்சல். மூன்று பிரிவு, மூன்று கட்டம், பிடித்த கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டியது. தீவைச் சுற்றிக் குட்டி நீச்சலாக 1.2 கிலோமீட்டர், நடுவில் ஒரு மணல்திட்டு வரை 5, கரையிலிருந்து தீவு வரை முழுதாக 12. அவள் படிவத்தைக் கைநீட்டம் தள்ளிப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். கை தீர்ந்துவிட்டது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. ஒன்றும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்த ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டுக் காருக்கு ஓடினாள். ஏழரை மணி வகுப்புக்கு ஒரு பல் டாக்டர் காத்திருந்தார். பாவம், ரிவர்ஸ் கியர் என்றாலே அவருக்குக் கை நடுங்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேர் அவர் மாட்டிவிட்ட கண்ணாடி வழியாகத்தான் மீதிப் பாதிப் பேரைப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்டவர் வீட்டில் பெண்டாட்டிக்குக் கிட்டப் பார்வை இரண்டு வருஷமாக மங்கியிருந்தது. அதை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒரு தடவை பேச்சுவாக்கில், "எனக்கென்ன, கழுகுக் கண்ணு. உங்க கடைக்கு என்னால பத்துக் காசு வியாபாரம் கிடையாது" என்று கணவரிடம் பெருமை அடித்துவிட்டாள். அதோடு, வேறொரு டிரைவிங் பள்ளியில் கண்ணாடி போட்ட ஒருவரைப் பற்றி அவளுடைய மாணவி ஒருத்தி, "அவருக்கே கண்ணு தெரியாது, எனக்கு என்னத்த ரோட்டைக் காட்டுவாரு?" என்று சொன்னதும் காதிலேயே நின்றுவிட்டது. தூரத்துப் பார்வை உண்மையிலேயே கழுகுதான். சாலையில் இருநூறு அடி தள்ளிப் போகிற பூனையை அவள்தான் முதலில் பார்ப்பாள். மருந்து டப்பா மேல் உள்ள எழுத்து, ஊசிக் காது, விண்ணப்பப் படிவம், இவைதான் சதி செய்தன.

இரண்டு வாரம் கழித்துக் குளத்து அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். பெரிய எழுத்து. கழுகு தூரத்திலிருந்தே படித்துவிட்டது. தன் பெயருக்கு நேரே பன்னிரண்டு. புள்ளி எங்கே என்று ஈரத் துண்டோடு பலகை அருகே ஓடினாள். புள்ளி இல்லை.

சத்தம் காட்டாமல் அலுவலகத்தில் சொல்லித் திருத்திக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் அதற்குள் அவள் நாத்தனார் பட்டியலைப் பார்த்துவிட்டார். கணவருடைய அக்கா. பக்கத்துத் தெருவில் வீடு. ஏழு மணிக்குக் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில் பாட்டுப் போட்டுக் கையைக் காலை ஆட்டுகிற தண்ணீர் உடற்பயிற்சி வகுப்பில் முதல் வரிசை. அவள் குளித்து உடை மாற்றி வெளியே வருவதற்குள் அந்த வகுப்பில் இருந்த பதினான்கு பேருக்கும், தொலைபேசி வழியாக வீட்டுக்கும், வீட்டிலிருந்து கடைக்கும் செய்தி போய்விட்டது.

"அமுக்கமா இருந்துட்டியே! பன்னெண்டு கிலோமீட்டர்! என் தம்பிகூட ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று நாத்தனார் ஈரக் கையால் அவள் கன்னத்தை வழித்தார்.

கணவர் அன்று மதியமே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். பத்து வருஷத்தில் அவர் அப்படி வந்தது இரண்டாவது தடவை. முதல் தடவை கடையில் பாம்பு.

"நிஜமாவா?" என்றார்.

"ம்" என்றாள்.

"தெரிஞ்சுதான் போட்டியா?"

தெரியாமல் போட்டேன் என்று சொன்னால் ஏன் தெரியவில்லை என்று கேட்பார். ஏன் தெரியவில்லை என்று சொன்னால் கழுகு செத்தது. கடலில் பன்னிரண்டு கிலோமீட்டரா, கணவரிடம் ஒரு வாக்கியமா என்று எடை போட்டுப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான்" என்றாள்.

*

போட்டி நடத்துகிறவர்கள் பயிற்சித் தாள் ஒன்று அனுப்பியிருந்தார்கள். பதினாறு வாரம். முதல் வாரம் மூன்று கிலோமீட்டரில் ஆரம்பித்து, பதினான்காம் வாரம் பத்து. அந்தத் தாளைக் குளத்துக் காவலர் கையில் எடுத்துக்கொண்டார். அவருக்கு விசில் என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது அல்ல, வாயிலிருந்து விசிலை எடுக்காமலே பேசுவதால் வந்தது. "வாங்க டீச்சர்" என்று சொன்னாலும் நடுவில் ஒரு கீச்சு இருக்கும். நாற்பது வயது, மார்பு கதவு அகலம். மூழ்குகிறவர்களைத் தூக்கப் பத்தொன்பது வருஷமாகக் குளத்துக் கரையில் நிற்கிறவர்.

"கடல்ல நீந்தியிருக்கீங்களா விசில் சார்?" என்று முதல் நாள் அவள் கேட்டாள்.

"கடலா?" விசில் முகம் சுளித்தார். "அதுல என்னென்னவோ இருக்கும் டீச்சர். நான் காலையே நனைச்சதில்ல."

அவர்தான் பயிற்சியாளர்.

பன்னிரண்டு கிலோமீட்டர் என்றால் அந்தக் குளத்தில் நானூற்று எண்பது நீளம். போவதும் வருவதும், போவதும் வருவதும். பார்ப்பதற்கு அடியில் கறுப்புக் கோடு ஒன்றுதான். மூன்றாவது வாரத்தில், நூறாவது நீளத்தில், அவளுக்கு மூளை கழன்று தண்ணீரில் போவது போல இருந்தது. எண்ணிக்கை தவறியது. எழுபதா எண்பதா என்று விசிலிடம் கேட்டால் அவர் விசிலை ஊதிவிட்டு வானத்தைப் பார்ப்பார். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். நீளத்துக்கு ஒரு மாணவர். பதினாறு வருஷத்தில் அவள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்களை முதல் ஆளிலிருந்து வரிசையாக நினைத்துக்கொண்டு நீந்துவது.

முதல் நீளம், கல்யாணத்துக்குள் லைசென்ஸ் வாங்கியே தீருவேன் என்று வந்த தபால்காரர். இரண்டாவது, கிளச்சையும் பிரேக்கையும் ஒரே காலால் மிதித்த கணக்கு வாத்தியார். பதினேழாவது, ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணை மூடிக்கொண்ட நர்ஸ். நாற்பத்தொன்றாவது, டிரைவிங் பள்ளியின் இரும்புக் கேட்டை இடித்துச் சாய்த்துவிட்டு "கேட் திறந்திருக்குன்னு நினைச்சேன்" என்ற வக்கீல். அவர் வரும்போதெல்லாம் அவளுக்குத் தன்னாலேயே வேகம் கூடும். கரையில் நிற்கும் விசில் கடிகாரத்தைப் பார்த்து, "நாப்பத்தொண்ணுல என்ன டீச்சர் சாப்பிட்டீங்க?" என்பார். அந்த வேகம் கோபத்தால் வந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இப்படியாக ஒவ்வொரு காலையும் அவள் தன் வாழ்க்கையை இருபத்தைந்து மீட்டர் துண்டுகளாக நீந்திக் கடந்தாள். மறந்துபோன முகமெல்லாம் தண்ணீருக்குள் வந்தது. மூன்று தடவை தேர்வில் தோற்று நாலாவது தடவை ஜெயித்த அன்று காரை விட்டு இறங்காமல் அழுத அந்த விதவைப் பெண் நூற்று அறுபத்து மூன்றாவது நீளத்தில் வருவாள். அந்த ஒரு நீளத்தை மட்டும் அவள் நிதானமாகவே நீந்துவாள்.

இதற்கிடையே கணவருக்கும் வேலை வந்து சேர்ந்தது. கடலில் நீந்துகிறவருக்குத் துணையாக ஒரு படகு வரும். அதில் வீட்டு ஆள் ஒருவர் இருந்து, அரை மணிக்கு ஒரு தடவை ஒரு கோலின் முனையில் கோப்பையைக் கட்டி ஆகாரம் நீட்ட வேண்டும். நீந்துகிறவர் படகைத் தொடக்கூடாது. "நான் வர்றேன்" என்று கணவர் தானே முன்வந்தார். அவருக்குப் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாலே குமட்டும். ஒரு தடவை தோட்டத்து ஊஞ்சலில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு அரை நாள் படுத்துக் கிடந்தவர்.

ஆனால் மனிதர் வேலையில் துல்லியம். பழைய கண்ணாடிச் சட்டங்களை உருக்கிப் பிணைத்துக் கோப்பைக்கு ஒரு வளையம் செய்தார். அதைத் தரை துடைக்கும் கோலின் முனையில் குட்டித் திருகாணிகளால் இறுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்துக் கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு தடவை மசித்த வாழைப்பழம் கரைத்த வெந்நீரை நீட்டிப் பழகினார். முதல் கோப்பை அவள் தலையில் கவிழ்ந்தது. இரண்டாவது அடுத்த தடத்தில் நீந்திய ஒரு பேங்க் மேனேஜர் தலையில். மூன்றாவது கோப்பை வாய்க்குப் போனது. வகுப்புப் பெண்கள் பதினான்கு பேரும் கைதட்டினார்கள்.

"உட்கார்ந்து பழகினா போதாது சார்" என்றார் விசில். "ஆடணும்." நுரைப் பலகைகள் நான்கைச் சேர்த்துக் கட்டி, ஆழம் குறைந்த பக்கத்தில் மிதக்கவிட்டு, அதில் கணவரை உட்காரவைத்தார். நாத்தனாரும் இன்னும் இரண்டு பெண்களும் சுற்றி நின்று மெல்ல ஆட்டினார்கள். மூன்றடித் தண்ணீர். ஐந்து நிமிஷத்தில் அவர் முகம் பச்சையாகி, பிறகு சுண்ணாம்பாகி, "அக்கா, நிறுத்துக்கா" என்று சின்னப் பிள்ளை மாதிரி கெஞ்சினார்.

"இவன் தொட்டில்லயே வாந்தி எடுத்தவன்" என்றார் நாத்தனார், வகுப்பு முழுவதற்கும் கேட்கும்படி.

*

பத்தாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை ஏழு கிலோமீட்டர். இருநூற்று எண்பது நீளம். நீச்சல் உடையின் வார் கழுத்திலும் அக்குளிலும் உரசிப் புண்ணாக்கும் என்பதால் அந்த இடங்களில் வாஸ்லின் தடவிக்கொள்ளச் சொல்லியிருந்தது தாள். அவள் உடை மாற்றும் அறையில் பைக்குள் கைவிட்டாள். வட்டமான சின்ன டப்பா வந்தது. தாராளமாக எடுத்துக் கழுத்து, அக்குள், தொடை எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டு தண்ணீரில் குதித்தாள்.

தபால்காரர் போனார். கணக்கு வாத்தியார் போனார். மூன்றாவது நீளத்தில் லேசாகச் சூடு தெரிந்தது. நான்காவதில் யாரோ அக்குளில் கொள்ளிக்கட்டையை வைத்தது போல இருந்தது. அவள் ஓய்ந்து நிற்கவில்லை. நின்றால் இன்னும் எரிந்தது. தண்ணீர் ஓடினால் கொஞ்சம் குளிர்ந்தது. ஆகவே ஓடினாள். கைகள் காற்றாடி போலச் சுழன்றன. கரையில் விசில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

"ரெக்கார்டு டீச்சர்! ரெக்கார்டு! விடாதீங்க!"

எட்டாவது நீளத்தில் அவள் ஏணியைக்கூடத் தேடாமல் சுவரைத் தாவி ஏறிக் குளியல் குழாய்க்கு அடியில் போய் நின்றுகொண்டு, அந்தக் கட்டிடம் அதுவரை கேட்டிராத சில வார்த்தைகளைச் சொன்னாள். நாத்தனார் ஓடிப்போய்ப் பையைத் திறந்து அந்த டப்பாவை எடுத்துவந்து தம்பி கையில் கொடுத்தார்.

கணவர் அதைப் பார்த்தார். மூட்டு வலிக்கு அவர் தினமும் தடவும் தைலம். மூடியில் சிவப்பாக எழுதியே இருந்தது.

அரை மணி கழித்து, துண்டைப் போர்த்திக்கொண்டு, முகம் சிவந்து அவள் வந்து உட்கார்ந்தபோது, அவர் டப்பாவை அவளிடம் நீட்டினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு? படி."

அவள் டப்பாவைக் கைநீட்டம் தள்ளிப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். இருபது வருஷமாகக் கடையில் வாடிக்கையாளர்கள் இதே கையை இதே மாதிரி நீட்டுவதைப் பார்த்தவருக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டு விடுறேன். ராத்திரி என் பக்கத்துல படுத்திருக்கிறவளுக்குக் கண்ணு தெரியல, எனக்கும் தெரியல." பிறகு திடீரென்று நிமிர்ந்தார். "அந்தப் படிவம்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒண்ணு புள்ளி ரெண்டுன்னு நினைச்சுத்தான் போட்டேன். புள்ளி தெரியல."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான். அடங்கவில்லை. பின்னால் பதினான்கு பேரும் தொடர்ந்தார்கள். விசில் மட்டும் சிரிக்கவில்லை. கையில் இருந்த பயிற்சித் தாளையும் அதில் அவர் போட்டு வைத்திருந்த பத்து வார அடையாளங்களையும் கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மாலை கணவர் அவளைக் கடைக்கு வரச் சொன்னார். உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, முகவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்லி, யாரோ வாடிக்கையாளரிடம் பேசுவது போல, "நேரா பாருங்கம்மா. இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிக் கேட்டார். அவருடைய முகம் அத்தனை கிட்டத்தில் இருந்தது. சரியான வில்லை விழுந்ததும் அவர் புருவத்தில் இருந்த நரை முடிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இவ்வளவு நரைத்துவிட்டதா இவருக்கு என்று அவற்றை எண்ணத் தொடங்கினாள்.

"நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார் அவர், அவள் கண்ணைப் பார்க்காமல். "சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

"சரி. பேரை வாபஸ் வாங்கிடலாம். தெரியாம போட்டதுதானே, சொன்னா புரிஞ்சுக்குவாங்க."

அவர் மாட்டிவிட்ட புதுக் கண்ணாடியை அவள் கழற்றி மடித்து வைத்தாள். இது வரைக்கும் வாபஸ் வாங்க முடியாமல்தான் நீந்திக்கொண்டிருந்தாள். இப்போது வாங்கலாம். ஒரு தடையும் இல்லை. ஆனால் மனசு கேட்டால்தானே? இருநூற்று எண்பதாவது ஆளுக்கு அப்புறம் யார் யார் வருவார்கள் என்று அது பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருந்தது.

"டிக் போட்டது தெரியாமங்க" என்றாள். "நீந்தினது தெரிஞ்சுதான்."

*

போட்டி நாள் காலை கடல் ஏரி மாதிரிப் படுத்திருந்தது. இருபத்து மூன்று பேர் நீந்தினார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், வயிறு பலகை போல இருந்தவர்கள். கால அளவு ஏழு மணி நேரம். விசில் கரை வரை வந்து மணலிலேயே நின்றுகொண்டார். அலை காலை நனைக்க வந்தபோது இரண்டடி பின்னால் போனார்.

அவளுடைய படகோட்டி பேச்சே இல்லாத மனிதர். "நீந்துறவங்களுக்குப் பக்கத்துலயே வரணும்னு சொல்லியிருக்காங்க" என்பது மட்டும்தான் அவர் சொன்னது. கணவர் கோலையும் பிளாஸ்க்குகளையும் ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு, மாலை போட்டுப் பலிக்குக் கொண்டுபோகிற ஆடு போலப் படகில் ஏறினார்.

போட்டி தொடங்கும் ஊதல் கேட்டதும் அவள் தண்ணீரில் விழுந்தாள். முதல் அரை மணி நேரம் கை கால் எல்லாம் தகராறு செய்தன. குளத்தில் இருபத்திரண்டு கைவீச்சுக்கு ஒரு சுவர். நாலு மாதமாக உடம்புக்கு அது பழகிவிட்டது. கடலில் இருபத்திரண்டாவது வீச்சு வந்ததும் உடம்பு தானே சுருண்டு திரும்பப் பார்த்தது. முதல் தடவை நிஜமாகவே குட்டிக்கரணம் போட்டுக் கரையைப் பார்த்து நீந்த ஆரம்பித்துவிட்டாள். படகோட்டியும் மறுபேச்சில்லாமல் படகைத் திருப்பினார்.

அடியில் கறுப்புக் கோடு இல்லை. பச்சை மட்டும்தான். அதன் கீழே என்ன இருக்கிறது என்று யோசிக்காமல் இருக்க, அவள் தபால்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்தார். வரிசையாக எல்லோரும் வந்தார்கள். மூச்சு விட வலது பக்கம் திரும்பும்போது படகு தெரியும். படகு இருக்கிறது, வழி சரி என்று நீந்தினாள். அரை மணிக்கு ஒரு தடவை கோல் வந்தது, கோப்பை வந்தது. இரண்டாவது மணி வரை கோலின் மறுமுனையில் கணவரின் தலை தெரிந்தது. மூன்றாவது மணியில் கை மட்டும் தெரிந்தது. நான்காவது மணியில் கோலை நீட்டியது படகோட்டி.

"அவரு எங்க?" என்று மிதந்தபடி கத்தினாள்.

"கீழ படுத்திருக்காரு."

படகின் அடியிலிருந்து, "நான் நல்லா இருக்கேன், நீ போ" என்று வாளிக்குள் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. வாளிக்குள்தான் பேசினார்.

நானூற்றுச் சொச்சத்தில் மாணவர்கள் தீர்ந்துபோனார்கள். அவளுக்கே அதிர்ச்சி. பதினாறு வருஷத்தில் நினைவில் நின்றவர்கள் அவ்வளவுதானா? வேறு வழியில்லாமல் வக்கீலை மறுபடி அழைத்தாள். அவர் கேட்டை மறுபடி இடித்தார். இப்போது கோபம் வரவில்லை. பாவம், அவருக்கும் அன்று பயமாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அப்புறம் யாரையும் அழைக்கவில்லை. தோள் வலித்தது, நாக்கு உப்பில் தடித்துப் போனது, அவள் பாட்டுக்குக் கையை வீசிக்கொண்டே இருந்தாள்.

ஆறேகால் மணி நேரம் கழித்து விரல் மணலில் தட்டியது. தலையை நிமிர்த்தினாள். கரை! முழங்கால் அளவுத் தண்ணீரில் தள்ளாடி எழுந்து நின்றாள். போட்டி முடியும் இடத்து வளைவையும் கூட்டத்தையும், முன்னதாகவே பயணிகள் படகில் வந்திருந்த நாத்தனாரையும் எதிர்பார்த்து எதிரே பார்த்தாள். ஒரு குடையும், குடைக்குக் கீழே ஒரு வயதான தம்பதியும், ஒரு நாயும் இருந்தன. நாய் குரைத்தது.

"இது தீவுதானே?" என்று கேட்டாள்.

"தீவுதான்" என்றார் அந்தப் பெரியவர். "யாரு வேணும்?"

"வளைவு... போட்டி முடியற இடம்..."

அந்த அம்மாள் இடது பக்கம் கையைக் காட்டினார். தூரத்தில், பாறைக்கு அப்பால், காற்றடைத்த மஞ்சள் வளைவு ஒரு கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தது.

அவள் படகோட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏங்க, வழி தெரியாதா உங்களுக்கு? நான் உங்க படகைப் பார்த்துத்தானே வந்தேன்!"

"நான் உங்களைப் பார்த்துல்ல வந்தேன்?" என்றார் படகோட்டி, முதல் தடவையாகக் குரலை உயர்த்தி. "பக்கத்துலயே வரணும்னு சொன்னாங்க. நீங்க வலது பக்கமாவே போறீங்க, சரி, ஏதோ காரணம் இருக்கும்னு வந்தேன்."

ஸ்டீயரிங்கை நேராகப் பிடி, நேராகப் பிடி என்று பதினாறு வருஷம் தொண்டை கிழியக் கத்தியவள் தான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். கரையோடு நடந்து போனால் செல்லாது, தண்ணீர் வழியாகத்தான் வளைவுக்குள் போக வேண்டும். அந்த அம்மாள், "வேணும்னா கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போயேம்மா" என்றார். அந்தக் குடை நிழல் அப்போது அவளுக்குச் சொர்க்கமாகத் தெரிந்தது. அவள் நாய்க்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விழுந்தாள்.

அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டர் பற்றிப் பிறகு யார் கேட்டாலும் அவளால் எதுவும் சொல்ல முடியவில்லை. படகின் அடியிலிருந்து கணவர் எழுந்து, விளிம்பைப் பிடித்துத் தலையை வெளியே நீட்டி, "இடது! இன்னும் இடது! இப்ப நேரா!" என்று வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில் கத்திக்கொண்டே வந்தது மட்டும் காதில் இருக்கிறது.

வளைவை அடைந்தபோது ஏழு மணி நேரமும் நாலு நிமிஷமும் ஆகியிருந்தது. மற்ற எல்லோரும் வந்து சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். வளைவிலிருந்து காற்றைத் திறந்துவிட்டிருந்தார்கள். அவள் வெளியேறும்போது அது பெருமூச்சு விட்டுக்கொண்டே அவள் தலைமேல் மெல்லச் சரிந்தது. முதலுதவி ஆட்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவளைத் தாண்டிப் போய்ப் படகிலிருந்து கணவரை இறக்கினார்கள்.

நேரம் குறிக்கிறவர் சங்கடமாகக் காகிதத்தைத் தட்டினார். "நாலு நிமிஷம் கூடிருச்சும்மா. நீந்தி முடிச்சாங்க, நேரத்துக்கு அப்புறம்னுதான் எழுத முடியும்."

"நாலு நிமிஷமா?" நாத்தனார் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "அவ உங்க எல்லாரையும்விட ஒரு கிலோமீட்டர் அதிகமா நீந்தியிருக்கா. அதை யாரு எழுதுறது?"

"விடுங்க அண்ணி" என்றாள் அவள், மணலில் உட்கார்ந்தபடி. "கோட்டைத் தாண்டினா தாண்டினதுதான். டயர் பாதி தாண்டினாலும் ஃபெயில்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லித் தர்றேன்."

ஸ்ட்ரெச்சரில் இருந்து கணவர் கையை நீட்டினார். அவள் நகர்ந்துபோய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாலை நாலரை மணிக்குக் கப்பல் போலப் பெரிய ஒரு பயணிகள் படகு திரும்பக் கிளம்பியது. கணவருக்கு ஊசி போட்டிருந்தார்கள், அவர் நாத்தனார் தோளில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்கினார். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்று டிக்கெட் கிழிக்கிறவரிடம் கேட்டாள்.

"முப்பத்தஞ்சு நிமிஷம்."

அவளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. "அவ்வளவுதானா?"

"காத்து அடிச்சா நாப்பது" என்றார் அவர், குறைபட்டுக்கொள்கிறாள் என்று நினைத்து.

படகு வேகம் எடுத்தது. ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. பத்து நிமிஷம் போனது, இன்னும் தண்ணீர்தான். எந்தப் பக்கம் பார்த்தாலும் பிடித்துக்கொள்ள ஒரு சுவர் இல்லை. காலையிலிருந்து அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்ததால் அதன் அகலம் அவளுக்குத் தெரியவே இல்லை. இப்போதுதான், காய்ந்த துணியில், இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, முழுசாகப் பார்த்தாள். இதிலா கிடந்தேன்? இவ்வளவிலா? பயம் அப்போதுதான் வந்தது. எதிர் இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா, குமட்டுதா?" என்றார் நாத்தனார்.

"இல்ல அண்ணி" என்றாள். "கடலைப் பார்க்கிறேன்."